சொந்தக் கதாபாத்திரம் இல்லாத அனிமேஷன் தொழில் எத்தனை நாள் தாங்கும்?

மைக்கூடு எழுதியது:

வணக்கம். வளரும் நாடுகளில் அனிமேஷன் துறையை வளர்ப்பது பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அது மூன்று விஷயங்களையே சுற்றிவருகிறது: பயிற்சிக்கூடம், வரிச்சலுகை, வெளிநாட்டு ஆர்டர். மூன்றும் தேவைதான். ஆனால் மூன்றும் இருந்தும், தன் மொழி பேசும் ஒரு நாயகனையோ நாயகியையோ அந்த நாட்டுக் குழந்தைகள் தேடிப்போய்ப் பார்க்கும் நிலை பல நாடுகளில் வரவில்லை. கைகள் பழகிவிட்டன, கதை பழகவில்லை.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். காமிக்ஸை வளர்க்காமல் அனிமேஷனை மட்டும் வளர்க்கப் பார்ப்பது வீண்செலவில் முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம். இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்று சிக்கனம் பிடித்தாலும், இடைவிடாமல் அசையும் ஓர் உருவத்துக்கு ஒரு நிமிடத்தில் 720 படம் வேண்டும். 11 நிமிட எபிசோடு என்றால் ஏறக்குறைய 8,000. பழைய அசைவை மறுபடி பயன்படுத்தி, வாயை மட்டும் அசைத்து இதை எவ்வளவோ குறைக்கலாம். அப்படியும் ஒரு குழுவுக்குப் பல வாரச் சம்பளம் போய்விடும். அதே கதையைக் காமிக்ஸில் 100 கட்டங்களுக்குள் சொல்லலாம். ஒருவர் எழுதி ஒருவர் வரைந்தால் போதும். கதை எடுபடவில்லையா, அடுத்த மாதம் வேறு கதை. அனிமேஷனில் ஒரு தோல்வி ஸ்டூடியோவையே மூடிவிடும்.

ஜப்பானில் தெசுகா ஒசாமுவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சிக்கு வந்தது 1963 ஜனவரி 1 அன்று. பத்திரிகையில் அந்தக் கதை தொடங்கியது 1952இல். கேமரா ஓடும் முன்பே பத்தாண்டுக்கு மேல் வாசகர்களிடம் அடிபட்டுத் தேறிய பாத்திரம் அது. கொரியாவின் 'டூலி' என்ற குட்டி டைனோசர் 1983இல் சிறுவர் காமிக்ஸ் இதழில் பிறந்து 1987இல் தொலைக்காட்சிக்குப் போனது. பிரேசிலில் மௌரிசியோ தெ சோசாவின் மோனிகா 1963இல் செய்தித்தாள் துண்டுக்கதையில் தலைகாட்டினாள். 1970இல் அவளுக்குத் தனி இதழ், 1982இல் திரைப்படம்.

உங்கள் அனுபவம் என்ன சொல்கிறது? மறுப்பு இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்.

---

இரவுரெண்டர் எழுதியது:

//கைகள் பழகிவிட்டன, கதை பழகவில்லை//

இந்த வரியோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா கை பழகினதை இவ்வளவு லேசா எடுத்துக்காதீங்க. வெளிநாட்டு ஆர்டர் எடுக்கிற ஸ்டூடியோவுலதான் நான் வேலை பார்க்கிறேன். மாசம் பிறந்தா சம்பளம் வருது. இந்தத் துறையில அது சின்ன விஷயமே இல்லை. நேரத்துக்கு ஷாட் கொடுக்கிறது, ரீடேக் வந்தா முகம் சுளிக்காம திருத்துறது, நூறு பேர் ஒரே காட்சியில கைவச்சாலும் ஃபைல் கலையாம பார்த்துக்கிறது, இதெல்லாம் எந்தக் காமிக்ஸும் கத்துக்கொடுக்காது.

கொரியாவை நீங்களே சொன்னீங்க. 1989இல இருந்து 'த சிம்ப்ஸன்ஸ்' வேலை சியோலில் இருக்கிற ஆகோம் ஸ்டூடியோவுல நடக்குது. அதுக்கு முன்னாடியே அங்க பல வருஷமா ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் வரைஞ்சு கொடுத்துட்டு இருந்தாங்க. அப்படிக் கூலிக்கு வரைஞ்சு தேறின கூட்டம் இல்லாம 2003இல 'பொரோரோ' வந்திருக்குமா? அந்தப் பெங்குவின் 100 நாட்டுக்கு மேல போயிருக்கு.

அப்புறம், காமிக்ஸ்தான் முதல்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது. மலேசியாவோட 'உபின் & இபின்' 2007இல ரமலான் மாசத்துக்கான குறுந்தொடராத்தான் ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி காமிக்ஸ் எதுவும் கிடையாது. ஐதராபாத் கிரீன் கோல்டோட 'சோட்டா பீம்' 2008இல நேரடியா டிவிக்கு வந்தான். ரெண்டுமே இன்னைக்கும் ஓடுது.

---

சித்திரப்பித்தன் எழுதியது:

இரவுரெண்டர், நீங்கள் சொன்ன இரண்டு உதாரணங்களும் சரியானவை. ஆனால் அவை வென்றதன் காரணத்தைப் பாருங்கள். இரண்டிலும் பாத்திரம் ஸ்டூடியோவின் சொந்தச் சொத்து. இரண்டுமே சிறிதாகத் தொடங்கி, எடுபட்டதைப் பார்த்து நீண்டவை. காமிக்ஸ் தரும் அந்தப் பரிசோதனைக் காலத்தை அவர்கள் வேறு வழியில் பெற்றுக்கொண்டார்கள்.

நான் வேறொரு நாட்டைச் சொல்கிறேன். பிலிப்பைன்ஸ். அங்கே 'கோமிக்ஸ்' என்பது பெரும் மக்கள் வாசிப்பாக இருந்த காலம் உண்டு. 1929இல் வந்த 'கென்கோய்' என்ற நகைச்சுவைத் தொடர் முதல் கணக்கு வைக்கிறார்கள். மார்ஸ் ரவெலோவின் 'தர்னா' என்ற சாகச நாயகி 1950இல் இதழில் வந்து அடுத்த ஆண்டே சினிமாவானாள். பத்திரிகையில் வந்தது வெள்ளித்திரைக்குப் போகும் பாதை அங்கே அவ்வளவு குறுகியது. 1970களில் என்ன ஆனது? டோனி டிசூனிகா, அல்ஃப்ரெடோ அல்காலா, நெஸ்டர் ரெடோண்டோ போன்ற முதல்தரக் கைகள் அமெரிக்க கம்பெனிகளுக்கு வரையத் தொடங்கின. 80களில் ஹன்னா-பார்பெரா என்ற அமெரிக்க கார்ட்டூன் நிறுவனம் மணிலாவில் ஸ்டூடியோ வைத்தபோது இளைஞர்கள் அங்கே போய் அமெரிக்கக் கார்ட்டூன்களை அசைத்தார்கள். ஒரே நாட்டில் ஒரு பக்கம் கதை ஊற்று, மறுபக்கம் அசைக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான விரல்கள். இரண்டையும் சேர்த்துவைக்க ஆளில்லை. கோமிக்ஸ் இதழ்கள் மெல்ல நின்றுபோயின.

அந்த மண்ணின் பேய்களும் காவல்தெய்வங்களும் வரும் 'த்ரெஸே' என்ற காமிக்ஸ் 2021இல் உலகம் முழுக்க அனிமேஷனாக வெளியானபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. கூடவே ஓர் ஏக்கமும். இது முப்பது ஆண்டுக்கு முன்பே நடந்திருக்க வேண்டியது. அப்போதே கதையும் இருந்தது, கையும் இருந்தது.

---

சேனல்காரி எழுதியது:

குழந்தைகள் சேனலில் நிகழ்ச்சி வாங்கும் வேலையில் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். இங்கே யாரும் தொடாத விஷயம் விலை.

ஒரு வெளிநாட்டுத் தொடர் தன் நாட்டிலேயே போட்ட பணத்தை எடுத்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. அதன்பிறகு எந்த நாடு எவ்வளவு கொடுத்தாலும் அவர்களுக்கு லாபம். டப்பிங் செலவைச் சேர்த்தாலும், உள்ளூரில் புதிதாக எடுப்பதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். சேனலில் உட்கார்ந்திருப்பவருக்கு நாட்டுப்பற்று எவ்வளவு இருந்தாலும், ஒரு உள்ளூர் எபிசோடு வாங்கும் காசில் பல வெளிநாட்டு எபிசோடுகள் கிடைக்கும்போது அவர் எதை வாங்குவார்? இது ஓவியரின் திறமைக் குறைவு அல்ல. ஆட்டத்தின் விதியே அப்படி.

அதனால்தான் சில அரசுகள் விதியில் கை வைத்தன. கொரியா 2005இல் ஒரு விதி போட்டது: தரைவழி ஒளிபரப்பாளர்கள் தங்கள் நேரத்தில் 1 சதவீதத்தைப் புதிய உள்நாட்டு அனிமேஷனுக்குத் தர வேண்டும். 'புதிய' என்ற சொல்தான் அதில் உயிர். இல்லாவிட்டால் பழையதையே திரும்பத் திரும்பப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். பிரேசில் 2011இல் கட்டணச் சேனல்களுக்குச் சட்டம் கொண்டுவந்தது. வாரத்துக்கு மூன்றரை மணி நேரம், அதுவும் முக்கிய நேரத்தில், பிரேசில் தயாரிப்பு ஓட வேண்டும். அதில் பாதி, சேனலோடு தொடர்பில்லாத தயாரிப்பாளர்களிடம் வாங்கியதாக இருக்க வேண்டும். எந்த நேரம், யாரிடம் வாங்கியது, இரண்டையும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆள் தூங்கும் வேளையில் ஓட்டிக் கணக்குக் காட்டும் வழி அடைபட்டது.

சீனாவையும் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பரில் மாலை 5 முதல் 8 வரை வெளிநாட்டுக் கார்ட்டூனே கூடாது என்றார்கள். இரண்டு ஆண்டில் அதை 9 மணி வரை நீட்டினார்கள். கூடவே மாகாண, நகர நிர்வாகங்கள் நிமிடக் கணக்கில் மானியம் கொடுத்தன. 2011இல் ஆண்டு உற்பத்தி 2.6 லட்சம் நிமிடத்தைத் தாண்டியது. உலகிலேயே மிக அதிகம். அந்த நிமிடங்களில் எத்தனை இன்று யாருக்காவது நினைவிருக்கிறது? நிமிடத்துக்குக் காசு என்றால் நிமிடம்தான் வரும். பின்னாளில் வசூலில் சாதனை படைத்த 'நெஜா' (2019) திரைப்படத்தை எடுத்தவர், மருந்தியல் படித்தும் அந்தத் துறைக்குப் போகாமல், அனிமேஷனைத் தானே கற்று, ஒரு குறும்படத்தில் பல ஆண்டு உழைத்தவர். மானியப் பட்டியலில் அப்படி ஒரு மனிதரை எந்தக் கட்டத்தில் நிரப்புவீர்கள்?

ஒதுக்கீடு வேண்டும். ஆனால் பணத்தை நிமிடத்துக்குக் கொடுக்காதீர்கள். ஸ்கிரிப்ட்டுக்கும் முன்னோட்ட எபிசோடுக்கும் கொடுங்கள். பத்துக்குக் கொடுத்தால் இரண்டு தேறும். அந்த இரண்டுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

---

கோட்டுப்படம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அனிமேஷன் படிக்கும் மாணவி. எங்கள் பாடத்திட்டத்தில் பெரும்பகுதி மென்பொருள்தான். எந்த மெனுவில் எந்தக் கருவி என்று எனக்கு மனப்பாடம். ஸ்டோரிபோர்டுக்கு, அதாவது காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து திட்டமிடுவதற்கு, ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. கதை எழுத வகுப்பே இல்லை. என்னுடன் படிப்பவர்களில் பலர் வரைவதையே விட்டுவிட்டார்கள். வேலைக்குப் போனால் 3டி ரிக் (கணினி உருவத்தை அசைக்க உதவும் எலும்புக்கூடு) அசைக்கத் தெரிந்தால் போதும் என்கிறார்கள்.

சேனல்காரி அக்கா, மைக்கூடு அண்ணா, எனக்கு ஒரு பாத்திரம் மனதில் இருக்கிறது. அதை எங்கிருந்து தொடங்குவது? மென்பொருள் உரிமத்துக்கே பணம் இல்லை.

---

இரவுரெண்டர் எழுதியது:

தங்கச்சி, மென்பொருள் ஒரு தடையே இல்லை. 3டிக்கு பிளெண்டர் இருக்கு, 2002லிருந்து இலவசம், மூலநிரலோட. வரையறதுக்கு கிரிட்டா. 2டி அனிமேஷனுக்கு ஓபன்டூன்ஸ். ஜப்பானோட கிப்லி ஸ்டூடியோ பயன்படுத்தின மென்பொருளோட வடிவத்தை 2016இல பொதுவுல திறந்துவிட்டாங்க. 2025இல ஆஸ்கர் வாங்கின 'ஃப்ளோ' லாட்வியாங்கிற சின்ன நாட்டுல இருந்து வந்தது. முழுக்க பிளெண்டர்ல செஞ்சது. அந்த நாட்டுக்கு அதுதான் முதல் ஆஸ்கர்.

ஆனா அதைப் பார்த்துட்டு நேரா முழுநீளப் படத்துல குதிக்காத. பாகிஸ்தானோட முதல் கைவரைப் படம் 'த கிளாஸ்வொர்க்கர்' 2016இல மக்கள்கிட்ட நிதி திரட்டி, 2024லதான் திரைக்கு வந்துச்சு. நாட்டுல அப்படி ஒரு ஸ்டூடியோவே இல்லாததால, ஸ்டூடியோவையும் கட்டி, ஆளையும் தேத்தி, படத்தையும் எடுக்கணும். அந்த மன உறுதியை நான் கையெடுத்துக் கும்பிடறேன். எல்லாராலயும் முடியாது.

---

உரிமைக்குரல் எழுதியது:

நான் பதிப்புரிமை வழக்குகள் பார்க்கும் வழக்குரைஞர். இந்த இழையில் 'சொந்தச் சொத்து' என்ற சொல் வந்ததால் எழுதுகிறேன். நாட்டுக்குச் சொந்தமான தொழில் என்று பேசுகிறோம். அந்த நாட்டுக்குள்ளேயே அது யாருக்குச் சொந்தம் என்று பேச மறந்துவிடுகிறோம்.

சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு இளைஞர்கள் 1938இல் அதன் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். எட்டாத காலம், எட்டாத நாடு என்று விட்டுவிடாதீர்கள். கொரியாவின் பெக் ஹீ-நா 2004இல் 'மேக ரொட்டி' என்ற படக்கதையை வெளியிட்டார். ஒரே தொகைக்கு எல்லா உரிமையையும் பதிப்பகத்துக்கு மாற்றும் ஒப்பந்தம். புத்தகம் பெரும் வெற்றி. தொலைக்காட்சி அனிமேஷன், இசை நாடகம் என்று விரிந்தது. அவர் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2020இல் தோற்றார். அதே 2020இல்தான் சிறுவர் இலக்கியத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் விருது அவருக்குக் கிடைத்தது. உலகம் அவரைப் படைப்பாளி என்று கொண்டாடியது. ஒப்பந்தம் அவரை வெளியே நிறுத்தியது.

வியட்நாமில் எதிர்ப்பக்கத் தீர்ப்பு ஒன்று உண்டு. 'தான் தோங் தத் வியெத்' என்ற மிகப் பிரபலமான சிறுவர் காமிக்ஸ் 2002இல் தொடங்கியது. வரைந்தவர் லெ லின். அவர் வெளியேறிய பிறகும் வெளியிட்ட கம்பெனி வேறு ஆட்களை வைத்துத் தொடர்ந்தது. அதன் தலைவர் தானும் இணை ஆசிரியர் என்றார். 2007இல் தொடங்கிய வழக்கு 2019இல் முடிந்தது. அந்தக் காமிக்ஸின் நான்கு முக்கியப் பாத்திரங்களுக்கும் லெ லின் ஒருவரே ஆசிரியர் என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு இனிப்பானது, ஆனால் வர 12 ஆண்டு ஆனது. ஓவியரின் நல்ல வயது அதில் கரைந்துவிடும்.

கதை எழுதுபவருக்குத் தன் பாத்திரம் பத்தாண்டு கழித்தும் தன்னுடையது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், அவர் தன் சிறந்த கதையை வெளியே எடுக்கவே மாட்டார். உள்ளே பூட்டிவைத்துக்கொண்டு இரண்டாந்தரக் கதையைக் கொடுப்பார். இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அரசுகள் நிதி கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டால் போதும்: படைப்பாளியிடமிருந்து முழு உரிமையையும் வாங்கிக்கொள்ளும் நிறுவனத்துக்கு நிதி கிடையாது.

---

அச்சுக்கூடம் எழுதியது:

வழக்குரைஞர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. பதிப்பாளர் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

காமிக்ஸ் இதழ் நடத்துவது ஒவ்வொரு மாதமும் நெருப்பில் கால் வைக்கும் வேலை. தாள், அச்சு, கடைக்காரர் கழிவு, திரும்பிவரும் பிரதிகள். முதல் இதழை நண்பர்கள் வாங்குவார்கள். மூன்றாவது இதழில் உண்மை தெரியும். பல இதழ்கள் நிற்பதற்குக் காரணம் பணம் மட்டும் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஆசிரியர் குழு இல்லாததுதான் பெரிய காரணம்.

எழுத்தாளரும் ஓவியரும் எந்த நாட்டிலும் பிறக்கிறார்கள். காமிக்ஸ் எடிட்டர் பிறப்பதில்லை, அவரை உருவாக்க வேண்டும். நான்காம் பக்கத்தில் வேகம் குறைகிறது, இந்தக் கட்டத்தில் யார் பேசுகிறார் என்று புரியவில்லை, கடைசிக் கட்டத்தில் அடுத்த இதழுக்கான தூண்டில் இல்லை என்று சொல்லும் ஆள். ஜப்பானில் 'ஷோனென் ஜம்ப்' வார இதழ் 1968இல் தொடங்கியது. ஒவ்வொரு இதழிலும் வாசகர் அஞ்சலட்டை வைத்து, எந்தக் கதை பிடித்தது என்று கேட்டு, பின்தங்கிய கதையை நிறுத்தினார்கள். 1990களின் நடுவில் வாரத்துக்கு 65 லட்சம் பிரதி அச்சடித்தார்கள். இரக்கமில்லாத முறைதான். படைப்பாளிகளை வதைத்த முறையும்கூட. அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் வாசகர் சொன்னதை அந்த வாரமே கேட்கும் பழக்கமும், அதை ஓவியருக்குப் புரியவைக்கும் எடிட்டரும் நமக்கும் வேண்டும்.

அச்சு முடியாத நாடுகளுக்குக் கொரியா வேறு வழி காட்டியது. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அங்கே வாடகைக்குப் படிக்கும் கடைகள் பெருகி, புத்தகம் வாங்குவோர் குறைந்து, காமிக்ஸ் பதிப்புலகம் தளர்ந்தது. அப்போது டாம் (Daum), நேவர் (Naver) என்ற இணைய நிறுவனங்கள் முறையே 2003இலும் 2004இலும் தங்கள் இணையவாசலில் காமிக்ஸைத் தொடராகக் கொடுத்தன. பக்கம் பக்கமாக இல்லாமல் மேலிருந்து கீழே இழுத்துப் படிக்கும் வடிவம் அங்கே தேறியது. பின்னால் கைப்பேசி வந்தபோது அந்த வடிவம் அதற்கென்றே செய்ததுபோல் பொருந்தியது. இன்று அந்தத் தொடர்களிலிருந்துதான் நாடகமும் அனிமேஷனும் எடுக்கிறார்கள். மைக்கூடு சொன்ன வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

ஒரு கவலை. தளம் வெளிநாட்டுக்காரருடையது என்றால், வாசகர் யார், எந்தக் கட்டத்தில் படிப்பதை நிறுத்தினார் என்ற அறிவெல்லாம் அவர்களிடம் போய்ச் சேரும். எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து சிறியதாகவாவது சொந்தத் தளம் வைக்க வேண்டும்.

---

சித்திரப்பித்தன் எழுதியது:

எடிட்டர் பற்றிச் சொன்னதற்கு நன்றி ஐயா. இந்தியாவில் 1967இல் 'அமர் சித்திரக் கதை' தொடங்கிய அனந்த் பையை நான் முதன்மையாக எடிட்டர் என்றே நினைப்பேன். கதைத் தேர்வு, உரை, படம் எல்லாவற்றிலும் ஒரே பார்வை இருந்தது. பல மொழிகளில் போனது. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸும் ஓர் ஆசிரியரின் தேர்வால் நின்றதுதான். பெரும்பாலும் மொழிபெயர்ப்பு என்றாலும் ஒரு தலைமுறைக்குப் படக்கதை படிக்கக் கற்றுக்கொடுத்தது. மொழிபெயர்ப்பு காமிக்ஸை எதிரியாகப் பார்ப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வாசகர் இல்லாத நிலத்தில் சொந்தப் படைப்பை விதைக்க முடியாது.

---

சேனல்காரி எழுதியது:

இன்னொரு பண வழியும் இருக்கிறது: கல்வி, சுகாதார நிதி. யுனிசெஃப் 1990களில் வங்கதேசத்தில் தொடங்கிய 'மீனா' தெற்காசியா முழுக்கப் போனது. பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது பற்றிய கதைகள். அதற்கு உயிர் கொடுத்தவர் இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகன். தான்சானியாவில் உபோங்கோ என்ற லாப நோக்கற்ற ஸ்டூடியோ 2014 முதல் சுவாஹிலியில் கணக்கும் அறிவியலும் சொல்லித்தரும் கார்ட்டூன் செய்கிறது. ஒரு மொழியில் செய்து பக்கத்து நாட்டு மொழிகளில் மாற்றி அனுப்புகிறார்கள். சின்னச் சந்தையை இப்படித்தான் பெரிதாக்க முடியும்.

ஆனால் கொடையாளர் பணத்தில் ஓர் ஆபத்து உண்டு. செய்தியை எழுதிய பிறகு அதற்குக் கதை கட்டச் சொல்வார்கள். குழந்தை முதல் நிமிடத்திலேயே பாடம் நடத்துகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடும். மீனா நின்றது அவளும் மிட்டு என்ற கிளியும் சுவாரஸ்யமானவர்கள் என்பதால்தான்.

---

இரவுரெண்டர் எழுதியது:

ஜப்பானைப் புகழ்ந்துட்டே போறீங்க, அதனால ஒரு எச்சரிக்கை. தெசுகா 'ஆஸ்ட்ரோ பாய்' எபிசோடை அடக்கவிலைக்கும் கீழே கொடுத்தார். மிட்டாய் கம்பெனி ஸ்பான்சர், பொம்மை, ஸ்டிக்கர்ல அதை ஈடுகட்டிக்கலாம்னு நம்பினார். தொடர் ஜெயிச்சுது. ஆனா அவரோட முஷி ஸ்டூடியோ 1973இல திவாலாச்சு. அடக்கத்துக்குக் கீழே விக்கிற பழக்கம் மட்டும் தங்கிடுச்சு. அங்க கீழ்மட்ட அனிமேட்டர் சம்பளம் இன்னைக்கும் பேசுபொருளா இருக்கு. சொந்தப் பாத்திரம்னு சொல்லி வரையறவன் வயித்துல அடிக்கிறது வளர்ச்சி இல்லை. புதுசா தொடங்கற நாடு முதல் நாளே குறைந்தபட்ச விலையைப் பேசி வைக்கணும்.

இன்னொண்ணு, ஏஐ. எங்க ஸ்டூடியோல இன்பிட்வீன் (ரெண்டு முக்கிய அசைவுக்கு நடுவுல வர்ற படங்கள்), கிளீன்அப் (கோட்டைச் சுத்தமா வரையறது), ரோட்டோ (வீடியோவுல உருவத்தைச் சுத்திக் கோடு போடறது) வேலைங்களைத்தான் முதல்ல அதை வச்சுப் பார்க்கிறாங்க. வளரும் நாடுகளுக்கு வந்த ஆர்டர்ல பெரும்பங்கு இந்த மாதிரி வேலைதான். பாத்திர வடிவமும் ஸ்டோரிபோர்டும் எப்பவுமே ஆர்டர் கொடுத்தவன் கையிலதான் இருந்துச்சு. கூலி வேலையை நான் விட்டுக்கொடுக்காம பேசறது அதுல பல குடும்பம் நிக்குதுங்கிறதாலதான். அந்தக் குடும்பங்களுக்காகவே சொல்றேன்: ஆர்டர்ல வர்ற லாபத்துல ஒரு பங்கை ஸ்டூடியோ தன்னோட குறும்படத்துக்கு ஒதுக்கணும். மலேசியாவுல எம்டெக்ங்கிற அரசு நிறுவனம் போட்டி வச்சு முன்னோட்டத்துக்கு நிதி கொடுத்துச்சு. ஸ்டூடியோ ஒரு பங்கு, அரசு ஒரு பங்குன்னு வந்தா நானே என் ராத்திரியை அதுக்குக் கொடுப்பேன்.

---

மைக்கூடு எழுதியது:

இரவுரெண்டர், அந்தக் கடைசி வரிக்காகவே இந்த இழையைத் தொடங்கியதில் எனக்கு நிறைவு.

'உபின் & இபின்' பற்றி நீங்கள் சொன்னதை யோசித்தேன். அது முழுநீளப் படம் ஒன்றுக்கான தயாரிப்பின்போதே பிறந்த குறுந்தொடர். படம் 2009இல் வந்தபோது, இரட்டையர்களை எல்லா வீட்டுக்கும் ஏற்கெனவே தெரியும். ஆக முன்பரிசோதனை காமிக்ஸாகவும் இருக்கலாம், குறுந்தொடராகவும் இருக்கலாம். ஆனால் பரிசோதனை வேண்டும். காமிக்ஸ் அதில் மலிவானது என்பதில் நான் மாறவில்லை.

பணம் கொஞ்சமே இருக்கிறது என்றால் எங்கே போட வேண்டும்? என் வரிசை இது. முதலில் எடிட்டர்கள்: பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு சம்பளம் கொடுத்து, நடக்கிற இதழ்களிலும் தளங்களிலும் உட்காரவையுங்கள். அடுத்து தொடராக வெளிவரும் ஒரு இடம், அச்சோ இணையமோ, ஆனால் தவறாமல் வர வேண்டும். அதன் பிறகு முன்னோட்ட நிதி. அதற்கும் பிறகுதான் கட்டடம், அதிநவீன லேப், நடிகரின் அசைவைப் பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் அரங்கம் எல்லாம். பெரும்பாலான திட்டங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கின்றன. கட்டடத்தைத் திறந்துவைக்கலாம், புகைப்படம் எடுக்கலாம். எடிட்டரின் வேலையை யாரும் ரிப்பன் வெட்டித் தொடங்கிவைப்பதில்லை.

கோட்டுப்படம், உனக்கு: எட்டுப் பக்கம். அதற்கு மேல் வேண்டாம். உன் பாத்திரத்துக்கு ஏதோ ஒன்று வேண்டும், அது கிடைக்கக் கூடாது, எட்டாம் பக்கத்தில் கிடைக்கட்டும் அல்லது அவள் மனம் மாறட்டும். பென்சிலில் வரைந்து, உன்னைத் தெரியாத குழந்தைகளிடம் கொடு. எந்தப் பக்கத்தில் கண் நிற்கிறது, எங்கே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனி. விளக்கம் சொல்லாதே. பிறகு அடுத்த எட்டுப் பக்கம்.

---

கோட்டுப்படம் எழுதியது:

நன்றி அண்ணா. எட்டுப் பக்கத்துக்குக் கதை இருக்கிறது. ஆனால் வசனம் எனக்கு வராது; தோழி ஒருத்தி நன்றாக எழுதுவாள். இருவரும் சேர்ந்து செய்தால் பாத்திரம் யாருடையது? உரிமைக்குரல் ஐயா, அதற்கும் ஒப்பந்தம் எழுத வேண்டுமா? தோழியிடம் காகிதம் நீட்ட எப்படியோ இருக்கிறது.

---

உரிமைக்குரல் எழுதியது:

அவசியம் எழுதுங்கள் அம்மா. நட்பு நன்றாக இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம். ஒரு பக்கம் போதும், உங்கள் மொழியிலேயே எழுதலாம்.

பாத்திரத்தின் பெயர், உருவம், குணம் இவை நீ ஏற்கெனவே உருவாக்கியவை என்றால் அதை முதல் வரியில் எழுதிவிடு. பழைய கோட்டோவியங்களைத் தேதியோடு இணைத்துவை. சேர்ந்து செய்யும் கதைக்கு இருவரும் இணை உரிமையாளர்கள், பங்கு இவ்வளவு என்று எழுதுங்கள். பாதிக்குப் பாதி என்பது வழக்கம். ஒருவர் உழைப்பு மிக அதிகம் என்றால் பேசி மாற்றிக்கொள்ளலாம். அனிமேஷன், விளையாட்டு, பொம்மை, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு யாராவது கேட்டு வந்தால் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று ஒரு வரி. ஒருவர் விலகினால் மற்றவர் அந்தப் பாத்திரத்தை வைத்துப் புதிய கதை செய்யலாமா, செய்தால் விலகியவருக்குப் பங்கு உண்டா என்று இன்னொரு வரி. சண்டையெல்லாம் பிறப்பது அந்தக் கேள்வியில்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

பதிப்பகமோ தளமோ வந்தால் உரிமையை மாற்றிக்கொடுக்காதீர்கள். பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுங்கள். எந்த வடிவத்துக்கு, எந்த மொழிக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று தனித்தனியாக. அந்தக் காலத்துக்குள் அவர்கள் வெளியிடாவிட்டால் அனுமதி தானாக முடிந்துவிடும் என்ற வரியும் இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் வரைவை இங்கே பெயர்களை நீக்கிவிட்டுப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.